ஸுலேமாவின் இரண்டு ராணிகள்

ரொசாரியோ நகரச் சூதாட்ட விடுதியில் போக்கர் போட்டி. மிச்சம் பத்துப் பேர். பரிசு ஒன்பது பேருக்கு. பல் மருத்துவர் ஸுலேமாவிடம் ஓரளவு பந்தயச் சில்லுகள் இருந்தன. பெரியவர் எவாரிஸ்தோவிடம் மூன்றுதான். அவர் தோற்கும்வரை ஸுலேமா பொறுத்தால் போதும்.

மலையாகச் சில்லு குவித்திருந்த ஓவிதியோ ஒவ்வொரு ஆட்டத்திலும் எல்லாவற்றையும் நடுவில் தள்ளினான். ஐந்து முறை அவள் மோதாமல் சீட்டைக் கீழே போட்டு விலகினாள்.

"பல்லப் புடுங்க மட்டுந்தான் தைரியமா டாக்டரம்மா?" என்று சிரித்தான்.

ஆறாவது முறை அவள் கையில் இரண்டு ராணிகள். "சரி, வரேன்" என்று அத்தனையையும் தள்ளினாள். அவன் காட்டியது ஜோடி சேராத ராஜாவும் ஐந்தும். மேசையில் திறந்த கடைசிப் பொதுச் சீட்டாக இன்னொரு ராஜா விழுந்து, அவனுடைய ராஜா ஜோடி அவள் ராணிகளை வென்றது; பத்தாவதாக அவள் வெளியே.

அவள் தோற்றதால் பரிசு உறுதியான எவாரிஸ்தோ தயங்கிச் சொன்னார்: "நீ தப்பா ஆடலம்மா."

"தெரியும். அதான் எரியுது" என்று பையை எடுத்தாள்.