முறைக்காரன் எடுத்த தட்டு

தத்துவத்தில் எம்.ஏ. படிக்கப் போகிறேன் என்று தமிழ்மாறன் சொன்னபோது, மார்க்கையன்கோட்டையில் அவனுக்காகப் பேசிய ஒரே ஆள் வேல்விழிதான். தாய்மாமன் முத்துப்பாண்டியின் மகள். சின்னமனூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள். அதைப் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று சொந்தபந்தமெல்லாம் அவனைக் குடைந்தெடுத்தபோது, யோசிப்பதற்கும் ஒரு படிப்பு இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தன் அப்பாவிடமே வாதாடினாள். அவன் சென்னைக்குப் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது.

ஆய்வேட்டை அவன் கையால்தான் எழுதுவான். பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், ஆள் வராத மதிய நேரத்தில் அவள் லேப் கம்ப்யூட்டரில் டைப் அடித்து அனுப்புவாள். சில வரிகளுக்குப் பக்கத்தில் ‘புரியல மச்சான்’ என்று குறித்திருப்பாள். அவளுக்குப் புரிகிற மாதிரி அவன் திருத்தி எழுதுவான். பேராசிரியர் பாராட்டுவதும் அந்த வரியாகத்தான் இருக்கும். இவ்வளவும் நடந்தது. பிடித்திருக்கிறது என்ற ஒரு சொல்லை மட்டும் இருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

முறைப்பெண்தானே, எங்கே போய்விடப் போகிறாள் என்று அவன் மெத்தனமாக இருந்தான் என்று சொல்ல முடியாது. அப்படி இருந்திருந்தால்கூடப் பிழைத்திருப்பான். முறையைக் காட்டி ஒருத்தியைச் சொந்தம் கொண்டாடுவது அவளுக்குச் செய்யும் அவமானம் என்று நினைத்தான். ஒருவர் வாழ்க்கையை முடிவு செய்ய இன்னொருவருக்கு உரிமையில்லை என்று மூன்றாம் அத்தியாயம் முழுக்க எழுதித் தள்ளியிருந்தான்.

பொங்கலுக்கு அவன் ஊருக்கு வந்திருந்த சமயத்தில், போடியிலிருந்து வேல்விழியைப் பெண் கேட்டு வந்தார்கள். அவர்கள் குடும்பத்தில் முறைப்பையன் ஒருவன் இருக்கும்போது பெண்ணை வெளியில் கொடுப்பதென்றால், அவன் முன்னால் தட்டு வைத்துக் கேட்க வேண்டும். வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு வேட்டி. அவன் தட்டை எடுத்துக்கொண்டால் பெண்ணை விட்டுக்கொடுத்தான் என்று பொருள். எடுக்காமல் தள்ளி வைத்தால் பெண் அவனுக்கு.

முத்துப்பாண்டி தட்டோடு வந்தார். மனுசனுக்குப் போடிச் சம்பந்தத்தில் அவ்வளவாக நாட்டமில்லை. தட்டை மருமகன் தள்ளிவிடுவான், அன்றைக்கே நாள் குறித்துவிடலாம் என்ற நினைப்பு முகத்திலேயே தெரிந்தது. தமிழ்மாறனின் அம்மா பஞ்சம்மாளுக்கும் அதே நினைப்புதான். அடுப்பில் பாயசம் வைத்திருந்தாள்.

“மாப்ள, போடியில இருந்து கேட்டு வந்துருக்காக. நீ இருக்கும்போது நான் வாக்குக் குடுக்க முடியாது. ஒன் முடிவச் சொல்லு” என்றார் மாமா.

தமிழ்மாறனுக்குள் ஒரு மனக்கோட்டை எழும்பியிருந்தது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் அவளைக் கேட்பார்கள். அவள் தானாகவே அவன் பெயரைச் சொல்வாள். முறைக்காகக் கழுத்தை நீட்டினாள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.

“ஒரு பொண்ணு மேல யாருக்கும் உரிமை கெடையாது மாமா. வேல்விழி விருப்பப்படி அவளே முடிவு பண்ணட்டும்” என்றான். அவளே முடிவு பண்ணட்டும் என்று சொல்லியாயிற்று, இனித் தட்டு வெறும் சடங்குதான் என்று நினைத்தான்; பெரியவர் நீட்டியதைத் தள்ளுவது மரியாதை இல்லை என்றும் பட்டது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

படித்த பிள்ளை செய்கிற காரியமா இது? முத்துப்பாண்டி, சரி மாப்ள என்று சொல்லிவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார். பஞ்சம்மாள் போய் அடுப்பை அணைத்தாள்.

அவள் கூப்பிடுவாள் என்று இரண்டு நாள் போனைக் கையிலேயே வைத்திருந்தான். தான் கூப்பிட்டால் அவள் முடிவில் தலையிட்டது போலாகும் என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தான். மூன்றாம் நாள் கடைசி அத்தியாயம் டைப் அடித்து வந்தது. எந்த வரிக்குப் பக்கத்திலும் ஒரு குறிப்பும் இல்லை. அன்று காலையில்தான் பஞ்சம்மாள், அவன் முகத்தைப் பார்க்காமலேயே, வெள்ளிக்கிழமை வேல்விழிக்குப் பூ வைத்து நிச்சயம் செய்கிறார்கள் என்று சொன்னாள்.

அவன் லேபுக்கு ஓடினான். வேறு யாரும் இல்லை. வேல்விழி ரத்தக் குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒன்னயக் கேட்டாகளா?” என்றான்.

“கேட்டாக. நீங்க தட்ட எடுத்துக்கிட்டதச் சொன்னாக. அப்பறந்தான் கேட்டாக.”

அது அவளுடைய முடிவாகவே இருக்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தேன் என்று அவன் தடுமாறித் தடுமாறி விளக்கினான். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

“தெரியும் மச்சான். அந்த அத்தியாயத்த அடிச்சவ நான்தான. ஆனா நீங்க வேணும்னு சொல்லி, நான் சரின்னு சொல்லியிருந்தா, அந்தச் சரி என் முடிவு இல்லையா?”

“வேணும். எனக்கு நீ வேணும், வேல்விழி. இப்பச் சொல்றேன்.”

அவள் அழுதாள். கையுறை போட்டிருந்ததால் முழங்கையை மடக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊரிலேயே இருந்துகொண்டு இரண்டு நாளாய் ஒரு போன்கூடச் செய்யவில்லையே என்றாள். ஆத்தா, நல்லா யோசிச்சுச் சொல்லு என்று அப்பா இரண்டு தரம் கேட்டதாகவும், தன்னை வேண்டாத வீட்டுக்காக இனியும் காத்திருப்பதில்லை என்று யோசித்துத்தான் சரி சொன்னதாகவும் சொன்னாள்.

மாமா காலில் விழுந்தாவது இதை நிறுத்துகிறேன் என்று அவன் திரும்பினான்.

“வேணாம் மச்சான். என் முடிவ மாத்தச் சொல்லி எங்க அப்பாகிட்டயா போவீக? நீங்க எழுதுனதே சரியா இருக்கட்டும்.”

ஒரு பெரியவர் சீட்டோடு உள்ளே வந்தார். வேல்விழி வேறு கையுறை மாட்டிக்கொண்டு, சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு என்று அவரிடம் கேட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் மார்க்கையன்கோட்டை பஸ் நின்றிருந்தது. அவன் ஏறவில்லை. சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க வாய்விட்டு அழுதான். பக்கத்தில் கொய்யாப்பழம் விற்ற அம்மா கூடையை நகர்த்தி வைத்துவிட்டு அவன் தோளைத் தொட்டாள்.

“வீட்டுல யாரும் தவறிட்டாகளா தம்பி?”

இல்லை என்று தலையாட்டினான்.

“எங்க மாமா மகளுக்கு வெள்ளிக்கிழம பூ வைக்கிறாக” என்றான்.