எட்டு முனை, மச்சாள்

1.

இந்தக் கதை திருட்டுப் பொருள். லண்டனில் ஈலிங் போகும் பஸ்ஸில் என் முன்னிருக்கையில் இருந்த பெண் மடியில் ஒரு நூல் பந்தை வைத்து, ஊசியால் நட்சத்திரம் தைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. கொஞ்சம் கேட்டுவிட்டு, "எட்டு முனை, மச்சாள்" என்றாள். பிறகு சிரித்தாள். பிறகு அழுதாள். இடையில் நிறையப் பேசினாள். பஸ் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரித் தரிப்பில் இறங்கிப் போய்விட்டாள். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2.

முதல் தொடக்கம்: 'ஜப்பானியர் தெமாரி என்றழைக்கும் இந்தப் பந்தானது...' வேண்டாம். கண்காட்சிப் பலகை வாசிப்பதுபோல் இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: 'பிறேமினியின் கைகள் நடுங்கின...' பொய். பஸ்ஸில் நான் பார்த்தேனே, நடுங்கவேயில்லை.

சரி, நேராகவே சொல்கிறேன். பிறேமினிக்கு மாதம் நிறையுமுன்பே குழந்தை பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. பிழைக்குமா என்று டொக்டர்மார் உறுதியாகச் சொல்லவில்லை. அவள் இன்னும் பெயர் வைக்கவில்லை. வைத்துவிட்டு ஒருவேளை... [இந்த வசனத்தை முடித்துப் பார்த்தேன். அழித்துவிட்டேன்.]

பிள்ளையைத் தூக்க முடியாத கைகளுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. பழைய காலுறையைச் சுருட்டி, நூல் சுற்றிப் பந்தாக்கினாள். யூடியூப் பார்த்துக் குண்டூசி குத்தி அளவு பிரித்தாள். மஞ்சள் நூலில் ஒரு சதுரம், அதற்குக் குறுக்காகச் சிவப்பில் இன்னொரு சதுரம். இரண்டும் சேர்ந்தால் எட்டு முனை நட்சத்திரம்.*

* பெண் கத்தோலிக்கம், புருசன் சைவம் என்று பின்னால் வரும். அதற்காக இந்தச் சதுரங்களில் கருத்துத் தேடாதீர்கள். (அடிக்குறிப்புக்கும் நட்சத்திரம் போடவேண்டி வந்தது தற்செயல்.)

3.

மச்சாள் என்பது கணவன் ரதீசனின் அக்கா கனகாம்பிகை. தம்பி கத்தோலிக்கச் சேர்ச்சில் கலியாணம் கட்டிய நாளிலிருந்து பிறேமினியோடு பேச்சு வார்த்தை இல்லை. அவளைப் பொல்லாதவளாக எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் பொல்லாதவள் எதற்கு வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்கிறாள்? எனக்கு அடங்காமல் அவளே போனை எடுத்தாள்.

"நான் ரதீசன்ர அக்கா கதைக்கிறன். நட்சத்திரம் என்னெண்டு சொல்லும் பாப்பம்."

பிறேமினி மடியைப் பார்த்தாள்.

"எட்டு முனை, மச்சாள்."

"என்ன?"

"ரெண்டு முனை இன்னும் தைக்கக் கிடக்கு."

பிறகு கனகாம்பிகை சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

"அடி விசரி! பிள்ளையின்ர பிறந்த நட்சத்திரமடி. அர்ச்சனைக்கு."

பிறேமினிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. 'சொல்லும்' என்று மரியாதை வைத்துத் தொடங்கியவள் 'அடி விசரி'க்கு வந்துவிட்டாள். எங்கள் ஆட்கள் பிறத்தியாரை அப்படி ஏசுவதில்லை.

"எங்கட சேர்ச் ஆக்கள் அது பாக்கிறேல்லை, மச்சாள்."

"பிறந்த நேரத்தைச் சொல்லு, நான் பாக்கிறன்." கோயில் பஞ்சாங்கத்தில் பார்த்தாள். "சுவாதி. ஐயர் கிட்ட வந்திட்டார். பேர் என்ன?"

இங்கேதான் பிறேமினி அழுதாள்.

"வைக்கேல்லை. வைக்கப் பயமாக் கிடக்கு."

"எனக்கும் பயம்தான். முதல் பேரை வைப்பம். வைச்சிட்டுப் பயப்படுவம்."

4.

ஒரு முடிவில், அந்தப் பந்து எட்டு முனையோடும் வீட்டுத் தொட்டிலுக்கு மேலே தொங்குகிறது. மற்ற முடிவை நான் எழுதமாட்டேன். எனக்கு ஏலாது.

கவனித்திருப்பீர்கள், நானும் இவ்வளவு நேரம் 'குழந்தை', 'பிள்ளை' என்றே சமாளித்து வந்தேன். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லவில்லை. பிறேமினிக்கு இருந்த அதே பயம்தான். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அந்தப் பெண்ணின் வாய் அசைந்தது. என்ன பெயர் சொன்னாள் என்று என் காதில் விழவில்லை.

ஐயர் தட்டை வாங்கிவிட்டார். கனகாம்பிகை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறாள். வாசிக்கிற நீங்கள் சொல்லுங்கள். கோயிலில் மணிச் சத்தம், கொஞ்சம் உரத்துச் சொல்லுங்கள்.

சுவாதி நட்சத்திரம், பெயர் ..................