மதுரைக்குப் போகாத விமானம்

ஸ்ரீவில்லிபுத்தூர் நுகர்வோர் மன்றத்தில் பெயரைக் கூப்பிட்டதும் சேக் முகைதீன் எழுந்தான். கூப்பிடாமலேயே அவனுடைய அக்கா மெகராஜ் பேகமும் எழுந்துவிட்டாள். ராஜபாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து காத்துக் கிடந்தவர்கள். முந்தைய வாய்தாக்களுக்கு விமானக் கம்பெனி சார்பில் ஒரு ஈ காக்கா கூட வரவில்லை. இன்றைக்கு மெட்ராஸிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார்.

வழக்கு சின்னது. போன வருஷம் அத்தா இறந்த அன்று, பம்பாயில் தையல் கடையில் வேலை பார்த்த சேக் முகைதீன் மதுரைக்கு விமானச் சீட்டு எடுத்தான். வாழ்க்கையில் முதல் விமானம். ஏறுகிற நேரத்தில் ரத்து என்றார்கள். டிக்கெட் பணத்தை அப்போதே திருப்பித் தந்தார்கள், அதில் குறையில்லை. ஊரில் ஜமாத்தார் பொழுது சாயும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு அடக்கம் செய்தார்கள். ஒரே மகன் போட வேண்டிய முதல் கைப்பிடி மண்ணை மச்சான் போட்டார். ரயிலேறி வந்தவனுக்குக் கபர் மேட்டைத்தான் பார்க்கக் கிடைத்தது. எங்கள் தப்புதான் என்று கம்பெனிக்காரன் ஒருத்தன் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். நஷ்டஈடு என்று ஒரு தொகையைப் போட்டது அவனுடைய வக்கீல் சௌந்தரபாண்டியன். தொகை இல்லாமல் மனு நிற்காதாம்.

மெட்ராஸ் வக்கீல் கத்தவில்லை, மடக்கவில்லை. மரியாதையாகவே பேசினார்.

"அன்னைக்குச் சாவுக்குப் போறவங்க ரெண்டு பேர வேற கம்பெனி ஃப்ளைட்ல ஏத்தி அனுப்பினோம் சார். இவரும் சொல்லியிருந்தா அனுப்பியிருப்போம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னுதான் கவுண்டர்ல சொல்லியிருக்கார்."

மன்றத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியாப்பா?"

"ஆமாங்கய்யா. எனக்கு அப்படித்தான் போன் வந்துச்சு."

"யார் பண்ணது?"

மெகராஜ் பேகம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நாந்தான்யா. விடியக்கால சுபுஹு தொழுகைக்கு முன்னாடியே மௌத்தாயிட்டாக. ரொம்ப முடியல, ஒடனே வான்னு சொன்னேன். அம்புட்டு தூரம் தனியா வரணுமே. சாவுன்னு எப்படிய்யா சொல்ல?"

தூரத்தில் இருக்கிறவர்களுக்கு அங்கிருந்த எல்லார் வீட்டிலும் அப்படித்தான் சாவு சொல்வார்கள், தலைவர் வீட்டிலும்தான். ஆனால் அதைத் தீர்ப்பில் எழுத முடியாது. அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

படியிறங்கும்போது சௌந்தரபாண்டியன், "இனி தேறாது பாய். வாபஸ் வாங்கிருவோம்" என்றார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். விமானக் கம்பெனி மேல் ஒரு வருஷமாக வைத்திருந்த கோபத்தை இனி எங்கே இறக்கிவைப்பது என்று சேக் முகைதீனுக்குத் தெரியவில்லை. அக்கா மேல் வைக்க மனசு வரவில்லை. அன்றைக்கு அவள் குரலைக் கேட்டவன்தானே, ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கப் பயந்தான்.

வன்னியம்பட்டி தாண்டியதும் மெகராஜ் பேகம் அவன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, அக்கா பேசுறேன்" என்றாள். போனில் பேசுகிற அதே குரல். "அத்தா மௌத்தாயிட்டாக. ஒடனே பொறப்பட்டு வா."



"வாரேங்க்கா" என்றான்.

பாக்கிச் சில்லறை கொடுக்க வந்த கண்டக்டர், காசைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.