கை சுட்ட இன்ஜின்

உறவில் யார் பழைய வண்டி வாங்கினாலும் கூடவே போய் மட்கார்டைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறவர் அவளுடைய கணவர். அவரே பார்த்துப் பார்த்து வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள் காலையில் கிளம்புவதே இல்லை.

இன்னொரு நாள் தாமதமானால் வரவே வேண்டாம் என்று தையல் ஆலை சூப்பர்வைசர் அவளிடம் சொல்லியிருந்தார். அது தெரிந்தும் கணவர் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்.

"சோக்கை இழுத்துப் பாருங்களேன்."

"சோக்குங்கறது ஓட்டத் தெரியாதவனுக்கு வச்சது. வாங்கப் போனப்ப ஒரே உதைல கிளம்புச்சு. இன்ஜினைத் தொட்டா கை சுட்டுச்சு. அவ்வளவு உயிர் அதுக்கு."

"வர்றேன்னு வித்தவருக்கு முன்னாடியே போன் பண்ணீங்களா?"

"பின்ன, சொல்லாமலா போவாங்க?"

ஆறிய இன்ஜின் கிளம்பாது என்பது தெரியாமலிருக்க, விற்றவன் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறான் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. அவருக்கு விளங்கவைக்க நேரமில்லை.

"நான் பஸ்ல போயிடறேன்."

"நான் இருக்கறப்ப நீ பஸ்ல தொங்கிக்கிட்டுப் போனா நாலு பேர் என்ன நினைப்பாங்க? இந்த உதைக்குக் கிளம்பிடும், நில்லு."

நின்றாள். அவர் பெட்ரோலைத் திட்டினார், பனியைத் திட்டினார், கடைசியில் அவள் அவசரப்படுத்துவதைத் திட்டினார். தெருமுனையில் பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ்ஸில் அவள் போய்ச் சேர்ந்தபோது, வாட்ச்மேன் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு கேட்டைச் சாத்தினார்.

வீடு திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது. வண்டி கிளம்பியிருந்தது. தெருவே திரும்பிப் பார்க்கும்படி அவர் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா? எதுக்கும் பொறுமை வேணும். ஏறு, வேலைக்குக் கொண்டுபோய் விடறேன்."

எந்த வேலைக்கு என்று அவள் கேட்டது அவர் காதில் விழவில்லை. இன்ஜின் சத்தம் அவ்வளவு கம்பீரமாக இருந்தது.