இறகு ரெண்டு சுத்து

இராமகிருஷ்ணன் மூன்றாவது முறையாக இறகைக் கொக்கியில் சுற்றினான். நூல் அறுந்தது.

"இறுக்காதீக," என்றாள் ஞானசுந்தரி. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவளைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். "ரெண்டு சுத்துதான். கூடுனா இறகு விரியாம அடையா நின்னுக்கிடும்."

ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் பதினோரு வருஷம் வெடிக்கு மருந்து செலுத்தி, அந்தத் தூளை இழுத்த நெஞ்சு. அதை விட்டு வந்தபின், கொடைக்கானலில் தூண்டில் சாமான் விற்கும் ஒருவருக்கு வீட்டிலிருந்தே ஈ கட்டிக்கொடுத்தாள். ஓடையில் டிரவுட் மீன் பிடிக்கிற பொய் ஈ. கொக்கியில் பட்டுநூல், அதன்மேல் பெட்டைக்கோழியின் கழுத்து இறகு. தண்ணீருக்குள் போனதும் இறகு விரிந்து, சாகக்கிடக்கும் பூச்சியின் கால்போல அசையும். மீன் ஏமாந்துவிடும். அந்த மீனை அவள் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி நாலு நாள். ஆர்டரில் கொஞ்சம் பாக்கி என்று, விடிந்ததும் புருஷனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

"நம்ம மக ஐசுவ வெடி கம்பெனிக்கு விட்றாதீக. இந்த வேலைய அவ பாக்கட்டும்."

அவன் நூலைப் பல்லால் கடித்தான்.

"கேக்குதா?"

"முடிச்சு எங்கன போடணும்?"

"கொக்கிக் காதுகிட்ட." மூச்சு வாங்கினாள். "நான் கேட்டதுக்குப் பதிலச் சொல்லலையே."

அவன் முடிச்சைப் போட்டு, அவள் சோதிப்பதுபோலவே டம்ளர் தண்ணீரில் போட்டான். இறகு விரிந்தது. அசைந்தபடி அடிக்குப் போனது.

"பாரு சுந்தரி, சரியா இருக்கா?"

அவள் டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி கேட்டான். டம்ளரைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தான். அவள் கண் அதோடு நகரவில்லை.

அடுப்படியில் மகள் ஐஸ்வர்யா கஞ்சி ஆற்றும் சத்தம் கேட்டது. அவன் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தான். கஞ்சியோடு வந்து அவளேதான் அம்மாவைப் பார்த்தாள்.

எட்டு மணிக்கு வெடி கம்பெனி வேன் தெருமுனையில் நின்றது. சுந்தரியோடு வேலை பார்த்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அழுது ஓய்ந்த சின்னத்தாய், ஐஸ்வர்யாவின் தோளை அணைத்துக்கொண்டாள்.

"கலங்காத தாயி, நாங்க இருக்கோம்ல. உங்கப்பா நேத்தே போர்மேன்ட்ட ஒம்பேரச் சொல்லிட்டாக. சீசன்ல ஆள் பத்தல. பதினாறாம் நாள் காரியம் கழிச்சு எங்ககூட வந்துரு."

ஐஸ்வர்யாவுக்குப் பதினெட்டு முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள்.

"அவ வரல," என்றான் இராமகிருஷ்ணன். "அவ வரமாட்டா மதினி. பேர எடுத்துரச் சொல்லுங்க."

சின்னத்தாயிடம் சொன்னாலும், சுந்தரியின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். அதற்குள் அவள் வாயை மூடி நாடிக்கட்டுப் போட்டிருந்தார்கள்.

வேன் ஹாரன் அடித்தது. பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஐஸ்வர்யா அம்மாவின் பாதத்தில் விலகியிருந்த சேலையை இழுத்து மூடினாள்.