நல்ல தகப்பனுக்கு வந்த கெட்ட எண்ணம்

மகள் பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் அவனுக்கு முதன்முதலாக வந்தது. நீலநிறத் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், இடது உள்ளங்கையில் குழந்தையின் பின்தலை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கேட்காமல் கொள்ளாமல் அது உள்ளே நுழைந்தது: இப்படியே தண்ணீருக்குள் அமுக்கிவிட்டால்?

மனைவியைக் கூப்பிட்டு, இடுப்பு பிடித்துக்கொண்டது என்று சொல்லிக் குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு, போய்ச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டான்.

அன்று சொன்ன இடுப்புவலி வீட்டில் நிலையாகத் தங்கிவிட்டது. பொய்க்குப் பொருத்தமாக ஒரு இடுப்புப் பட்டையும் வாங்கிக் கட்டிக்கொண்டான். கத்தரிக்கோல் பரணில் ஏறியது. கொசு வருகிறதென்று சொல்லி பால்கனிக் கதவைப் பூட்டினான். குழந்தையோடு தனியாக இருக்க நேர்ந்தால், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, மனைவி எப்போது வருவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அவளிடம் சுற்றி வளைத்துக் கேட்பான். நான் கோபக்காரனா, என்னைப் பார்த்தால் பாப்பா பயப்படுகிறாளா என்பான். சேச்சே, இல்லை என்று அவள் சொன்னதும் நெஞ்சு குளிரும். காப்பி ஆறுவதற்குள் மறுபடியும் கேட்கத் தோன்றும். அவளோ வேறு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மனிதருக்கு உடம்பு வளையவில்லை என்பது அவள் முடிவு. "பாப்பா சிரிச்சா அப்பாவுக்கு இடுப்பு நல்லாயிருக்கும், பாப்பா நனைஞ்சாதான் வலி வரும்" என்று குழந்தையிடமே ஜாடை பேசுவாள். அவன் வாயைத் திறக்க மாட்டான். சோம்பேறி என்ற பெயர் எவ்வளவோ மேல். உள்ளே இருப்பது தெரிந்தால் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாள் என்று நினைத்தான். ஓடிவிடுவதுதான் நல்லது என்றும் சில நேரம் நினைத்தான்.

அவனுக்குப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் வேலை. ஆய்வுக்காக எடுத்த பேட்டிகளின் ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். நாள் முழுக்க ஹெட்போனும் தலையுமாக இருப்பதால் எல்லோரும் காதுக்காரர் என்று கூப்பிடுவார்கள். ஆய்வை நடத்தும் மேடம் ஒன்றில் மட்டும் கண்டிப்பு. இருமல், பெருமூச்சு, பேச்சு நின்ற இடம் என எதையும் விட்டுவிடக் கூடாது.

அந்த மாதம் புதிய ஆய்வு ஒன்றின் பதிவுகள் வந்தன. பேசியவர்கள் எல்லோரும் கைக்குழந்தை உள்ளவர்கள். பெயர் கிடையாது. முதல் குரல் ஒரு பெண்ணுடையது. பால் கொடுப்பது, தூக்கமில்லாதது என்று பேசிக்கொண்டே வந்தவள் அதே தொனியில் சொன்னாள்: "காய் நறுக்கும்போது, இந்தக் கத்தியால குழந்தையைக் குத்திட்டா என்னன்னு ஒரு நெனப்பு வரும். ச்சீன்னு இருக்கும். அப்புறம் வெங்காயத்தை நறுக்க ஆரம்பிச்சுடுவேன்."

அவன் விரல்கள் நின்றுவிட்டன. பின்னோக்கி ஓட்டி இன்னொரு முறை கேட்டான். அதேதான். அவள் பேச்சுக்குப் பின்னால் ஒரு குழந்தை கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருந்தது.

அடுத்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. அவருக்கு மொட்டை மாடி. மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸுக்குத் தலையணை. கரகரத்த தொண்டையோடு ஒரு லாரி ஓட்டுநர் சொன்னார், மகனைத் தோளில் வைத்துச் சாலையோரம் நிற்கும்போதெல்லாம் வண்டிகளுக்கு நடுவே வீசிவிடுவேனோ என்று தோன்றும் என்று. சொல்லிவிட்டு, பையனுக்குப் பல் முளைத்த கதைக்குப் போய்விட்டார். தும்மல் வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்கள். உலகத்திலேயே தனக்கு ஒருவனுக்குத்தான் இந்தச் சாக்கடை என்று மாதக்கணக்கில் மருகிக்கொண்டிருந்தவன், ஊரே அந்த வழியாகத்தான் தினமும் நடந்து போகிறது என்று கேட்டதும் ஹெட்போனைக் கழற்றி வைத்தான். சன்னலுக்கு வெளியே வளாகச் சாலையில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு யாரோ போனார்கள். அந்த ஆளையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

மதியம் மேடத்தின் அறைக்குப் போனான். தட்டச்சில் ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்து, மென்று விழுங்கி, இவர்கள் யாராவது பிற்பாடு அப்படிச் செய்துவிடுவார்களா என்று கேட்டு முடித்தான்.

"பெத்தவங்கள்ல பாதிப் பேருக்கு மேல இது வந்து போகுது சார். பெரும்பாலானவங்க கண்டுக்கிறதில்லை. சிலர் மட்டும் எனக்கா இப்படி வந்துச்சுன்னு பயந்து காவல் போடுறாங்க. காவல் போட்ட இடத்துலதான் அது குடியேறிடுது."

"செய்ய மாட்டாங்கன்னு உறுதியாச் சொல்லலாமா மேடம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அந்த உறுதியைக் கேட்டுக் கேட்டு அலையறதுதான் சார் நோயே. நான் கொடுத்தா இன்னிக்கு நல்லாயிருக்கும். நாளைக்கு மறுபடி வந்து கேப்பாங்க."

அடுத்த கட்டடத்தில் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, தட்டச்சில் சந்தேகம் வந்தவர்களும் அங்கே போகலாம் என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அன்று சாயங்காலம் மனைவி கட்டிலில் உட்கார்ந்து குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் தரையில் உட்கார்ந்து, தொட்டியில் தொடங்கிக் கத்தரிக்கோல், பால்கனி, இடுப்புப் பட்டை வரைக்கும் ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தான். முடித்துவிட்டு, அவள் எழுந்து குழந்தையைத் தூக்குவாள் என்று காத்திருந்தான். அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள்.

"எனக்கு மாடிப்படி" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை.

"நம்ம மாடிப்படிதான். இவளைத் தூக்கிக்கிட்டு இறங்கும்போது, கையை விட்டுட்டா என்ன ஆகும்னு தோணும். சில நாள் மண்டை உடையற சத்தம்கூடக் கேக்கும்."

"அப்ப நீ என்ன பண்ணுவே?"

"என்ன பண்றது? இறங்கிக்கிட்டே இருப்பேன். கீழ்ப்படி வந்துரும்."

அவன் அவளை அண்ணாந்து பார்த்தான். காய்காரனிடம் பேரம் பேசுகிறவள், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே படியிறங்குகிறவள். அத்தனைக்கும் நடுவே அந்தச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டுதான் போயிருக்கிறாள். இவ்வளவு பெரிய ஆளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறோம், தெரியாமலே போயிற்றே என்று மலைத்துப் போனான். அவளுக்கோ அவனை நினைத்து அழுகை வந்தது. "இதையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டா இத்தனை நாள் சோம்பேறின்னு பேர் வாங்கினீங்க?" என்றாள்.

சிகிச்சை சுகமாக இல்லை. எண்ணத்தை விரட்டக் கூடாது, வாதாடக் கூடாது, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே குழந்தையைத் தூக்க வேண்டும் என்றார்கள். மனைவிக்கும் ஒரு பத்தியம் இருந்தது. அவன் கேட்டால் ஆறுதல் சொல்லக் கூடாது. முதலில் அவள் பக்கத்தில் நிற்க, குழந்தையின் காலை மட்டும் கழுவினான். பிறகு முதுகு. கத்தரிக்கோல் பரணிலிருந்து இறங்கி மேசைக்கு வந்தது. பால்கனிக் கதவின் பூட்டும் திறந்தது. சில நாட்கள் வியர்த்து வழிந்து பாதியில் எழுந்து போனான், மறுநாள் திரும்ப வந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குளியலறையில் அவனும் மகளும் மட்டும். கதவு ஒருக்களித்திருந்தது. குழந்தையைத் தண்ணீரில் இறக்கியதும் எண்ணம் வந்துவிட்டது. தாங்க முடியாமல் வெளியே குரல் கொடுத்தான்.

"நான் ஒண்ணும் பண்ணிட மாட்டேனே?"

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் அவள்.

அவளுக்கும் தெரியாது, மேடத்துக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவன் குனிந்து குழந்தையைப் பார்த்தான். அதற்கும்தான் எதுவும் தெரியாது. ஆனாலும் தன் கனத்தையெல்லாம் அவன் உள்ளங்கையில் போட்டுவிட்டு, கழுத்தைத் தளர்த்தி, கூரையைப் பார்த்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. இப்படி ஒரு நம்பிக்கையை அவன் தன் ஆயுளில் பார்த்ததில்லை. எண்ணம் போகவில்லை. அது ஒரு பக்கம் இருக்க, கழுத்து மடிப்பில் சோப்பைத் தேய்த்தான். அக்குள், விரலிடுக்கு, காதுக்குப் பின்னால். தண்ணீரை மொண்டு ஊற்றினான். கை வேலையைச் சுத்தமாகச் செய்தது.

துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். மனைவியைக் காணோம். அடுப்படியிலும் இல்லை, அறையிலும் இல்லை. வாசலில் செருப்பு இல்லை. பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தான். கீழே தெருவில், கையில் பையோடு, கடை இருக்கும் திசையில் அவள் போய்க்கொண்டிருந்தாள்.

சிகிச்சை கொடுத்தவர்கள் யாரும் அவளை இப்படிச் செய்யச் சொல்லவில்லை. தெரியாது என்று வாயால் சொல்லிவிட்டு, இருவரையும் தனியே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போயிருக்கிறாள். நடையில் அவசரம் இல்லை. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

குழந்தை துண்டுக்குள்ளிருந்து கையை உருவி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டது. அவள் தெருமுனை திரும்பும்வரை அவன் கைப்பிடிச் சுவரருகே, மகளை நெஞ்சோடு அணைத்தபடி, அசையாமல் நின்றுகொண்டிருந்தான்.