விரல் மாற்றப் பட்டியல்

திங்கட்கிழமை, தகடு வெட்டும் ஐந்தாம் எண் பிரஸ்ஸில் என் தம்பியின் ஒரு விரல் போனது. மறுநாள் காலை கம்பெனி கார் வீட்டுக்கு வந்தது.

"வேலையெல்லாம் வேண்டாம்மா. வந்து சும்மா உட்கார்ந்தா போதும்," என்றார் டிரைவர்.

எங்கள் தொழிற்சாலையில் அது வழக்கம். அடிபட்டவர் மறுநாள் வந்துவிட்டால் விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டியதில்லை என்பது மேனேஜரின் சட்டம். வாசல் பலகையில் நான்கு ஆண்டுகளாக விபத்து பூஜ்யம். மேனேஜருக்கும் நாங்கள் வைத்த பெயர் பூஜ்யம்தான்.

தம்பியை ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்காரவைத்தார்கள். கையில் போட்டிருந்த கட்டு ரத்தத்தில் ஊறியிருந்தது.

அதே தொழிற்சாலையில் வருகைப் பதிவு என் வேலை. மேனேஜர் என் மேசைக்கு வந்தார்.

"வீட்டுக் கதவுல நசுங்கிடுச்சுன்னு ஆஸ்பத்திரில சொல்லச் சொல்லு."

"எங்க வீட்டுக் கதவு அவ்வளவு சுத்தமா வெட்டாது சார்."

"வாய் நீளுது. உன் வேலையும் இங்கதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்க."

பதிவேட்டில் ஏறாவிட்டால் விரல் வீட்டில் போனதாகிவிடும். அதன்பின் சிகிச்சையும் பிழைப்பும் அவன் பாடு.

விரல் ரேகை பார்க்கும் வருகை இயந்திரம் தம்பியை ஏற்கவில்லை. அதற்குத் தெரிந்தது போன விரல்தான்.

"வேற விரலைப் பதி," என்றார் மேனேஜர். மாற்றத்துக்கு அவர் ரேகை வேண்டும். வைத்தார். காரணத்தை நிரப்பாமல் இயந்திரம் நகராது.

"காரணம் என்ன போடட்டும் சார்?"

"எதையாவது போட்டுத் தொலை."

உண்மையைப் போட்டேன். பிறகு பழைய மாற்றங்களைத் தேடினேன். நான்கு ஆண்டுகளில் எட்டுப் பேர். காரணம்: விரல் இல்லை. நான் பதிந்தவைதான், ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் அனுமதி அவர் ரேகை.

தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன்.

பன்னிரண்டாம் நாள் ஆய்வாளர் அம்மா வந்தார். மேனேஜர் வெற்றுப் பதிவேட்டை விரித்துக் காட்டினார்.

"நம்ம ஆளுங்க ரொம்பக் கவனம் மேடம்."

நான் பட்டியலை வைத்தேன். ஒன்பது பெயர், தேதி, போன விரல், வந்த விரல்.

"மெஷின் கோளாறு மேடம்."

"ஆமா மேடம். ஒன்பது விரலும் மெஷின்லதான் போச்சு," என்றேன்.

ஆய்வாளர் சிரிக்கவில்லை. பட்டியலின் நகலைப் பைக்குள் வைத்தார். பதிவேட்டை மேனேஜர் பக்கம் தள்ளினார்.

"வேலைக்கு வந்தாலும் வராட்டியும் விரல் போனா எழுதணும். இன்னைக்குத் தேதி போட்டு, இப்ப எழுதுங்க. மத்ததை வழக்குல பேசிக்கலாம்."

நான் படிக்கப் படிக்க மேனேஜர் எழுதினார். மெதுவாகத்தான் படித்தேன். ஆறாம் பெயரில் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"இன்னும் மூணு பேர் இருக்காங்க சார்."

கடைசியில் தம்பியின் பெயர் வந்தது.

"எந்தக் கை?" என்றார்.

பட்டியலை மூடினேன். வெளியே நின்றிருந்த தம்பியைக் கூப்பிட்டேன். அவன் வந்து கட்டுப்போட்ட கையைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"பார்த்து எழுதுங்க," என்றேன்.